பன்னாட்டுக் கம்பெனியோடு தொழில்: கேட்டவர்களுக்கு ஓசூரிலிருந்து பதில்

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளில் முதலில் தரப் பிரிவிலும் பிறகு கொள்முதலிலும் வேலை பார்த்தவன் நான். ஜப்பான், கொரியா, ஜெர்மனி, தைவான் என்று எல்லாப் பக்கத்து வாடிக்கையாளர்களிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு கம்பெனியின் கல்ச்சரும் வியூகமும் வெளிநாட்டு வியாபாரத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று நம் மாவட்டத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். வேலை வாங்கித் தரச் சொல்லாதீர்கள். நான் இருந்த கம்பெனிகளின் பெயரையும் கேட்காதீர்கள்.

பாகலூர் ரோடு பட்டறை: அண்ணா, இருபது பேர் வேலை செய்யும் சி.என்.சி. (கணினி ஓட்டும் மெஷின்) பட்டறை எங்களுடையது. ஜப்பான் கம்பெனி ஒன்று மாதக்கணக்கில் கேள்வி மட்டும் கேட்கிறது, ஆர்டரைக் காணோம். கொரியக் கம்பெனி ஒரே வாரத்தில் பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டுச் சத்தம் போடுகிறது. யாரைப் பிடித்துக்கொள்வது?

பதில்: இரண்டையும். ஆனால் இரண்டையும் ஒரே ஆளை விட்டுக் கவனிக்கச் சொல்லாதீர்கள், ஓடிப்போவார்.

ஜப்பான்காரர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அங்கே முடிவு மீட்டிங்கில் பிறப்பதில்லை. மீட்டிங்குக்கு முன்பே தரம், உற்பத்தி, கொள்முதல், கணக்கு என்று ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். நெமாவாஷி என்பார்கள். அப்புறம் ஒரு தாள் மேசை மேசையாகப் போய் முத்திரை வாங்கும். உங்களுக்கு வரும் கேள்விகள் அந்த மேசைகளிலிருந்து வருபவை. நீங்கள் ஒரு பதிலைத் தள்ளிப்போட்டால் தாள் ஒரு மேசையிலேயே உட்கார்ந்துவிடும். ஆனால் முத்திரையெல்லாம் விழுந்த பிறகு லேசில் உங்களை மாற்றமாட்டார்கள். உங்களை மாற்றவும் அதே தாள் அதே மேசைகளைச் சுற்ற வேண்டுமே!

கொரியக் கம்பெனிகளில் முடிவு மேலேயிருந்து வரும், வந்த மறுநாளே நடக்க வேண்டும். இதை வெறும் குணம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குள் வியூகம் இருக்கிறது. ஹூண்டாய் இங்கே கால் வைத்தபோது மாருதி 800 ரோட்டுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹூண்டாய் 1996-ல் கம்பெனி தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி, 1998-ல் சான்ட்ரோவை இறக்கிவிட்டது. உள்ளூர்ப் பங்காளி கிடையாது, முழுக்கச் சொந்த முதலீடு. பிந்தி வந்தவனுக்கு வேகத்தைவிட்டால் வேறு ஆயுதம் இல்லை. அப்படி ஓடி ஓடிப் பழகிய கம்பெனிகளின் பழக்கம்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் போனில் மணி அடிக்கிறது. போனில் அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் மறுநாள் காலையில் மெயிலாக எழுதி அனுப்புங்கள். எழுத்தில் வாங்காத மாற்றத்துக்கு ஒரு பீஸ்கூட ஓட்டாதீர்கள்.

ஜப்பான் ஆடிட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை ஆடிட் வந்தவரோடு ஒரு பட்டறைக்கு நானும் போயிருந்தேன். தரைக்குப் புதுப் பெயின்ட், ஆபரேட்டர்களுக்குப் புதுச் சட்டை. வந்தவர் எதையும் பார்க்கவில்லை. மெஷின் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெட்டிக்கு நேராகப் போனார். ரிஜெக்ட் ஆன பாகம் போடுகிற பெட்டி. காலியாக இருந்தது. முதலாளி முகத்தில் பெருமை. வந்தவர் பெட்டியைச் சாய்த்து உள்ளே டார்ச் அடித்தார். மூலையில் சிலந்தி வலை. “இந்த மெஷினில் தப்பே நடக்காதா, இல்லை நடந்தால் வேறு எங்கேயாவது போகிறதா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை.

கெட்ட செய்தி உங்கள் பட்டறையில் எந்த வழியாக மேலே போகிறது, கொண்டுவந்தவனுக்கு என்ன ஆகிறது, அதுதான் உங்கள் கல்ச்சர். வரவேற்பறையில் தொங்கும் பலகையை யாரும் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

தர்மபுரி எம்.பி.ஏ.: சார், ‘கலாச்சாரம் வியூகத்தைக் காலைச் சிற்றுண்டியாகத் தின்றுவிடும்’ என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் சொல்லியிருக்கிறாரே, விளக்க முடியுமா?

பதில்: டிரக்கர் எழுதியவற்றில் அந்த வாக்கியம் இல்லை. அவர் பெயரைப் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறார்கள். சொன்னது யாராக இருந்தாலும் அதில் பாதிதான் உண்மை. மேலே ஹூண்டாய் பற்றி எழுதியதைப் பாருங்கள். வியூகம் நாள்பட்டுப் பழக்கமாகி உறைந்ததுதான் அங்கே கல்ச்சர். காலம் மாறி வேறு வியூகம் தேவைப்படும்போது அந்தப் பழைய பழக்கம் வழிமறிக்கும். அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் சொல்லும் வாக்கியம் இது.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்: எங்கள் வளைகுடா பார்ட்டி பிரிக்ஸ் (இனிப்பு அளவு), கலர், விலை மூன்றையும் கேட்டுவிட்டு முடித்துவிடுவார். புதிதாக வந்த ஜெர்மனி பார்ட்டி தொழிலாளிகளின் வயதுச் சான்று, பெண்கள் கழிப்பறைக் கதவின் போட்டோ எல்லாம் கேட்கிறார். மாங்கூழுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் என்னங்க சம்பந்தம்? பந்தாதானே இது?

பதில்: பந்தா இல்லை, பயம். ஜெர்மனியில் சப்ளையர்களின் நிலைமைக்கு வாங்குகிற கம்பெனியையே பொறுப்பாக்கும் சட்டம் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் 3000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு என்று ஆரம்பித்து, 2024-ல் 1000 பேர் வரை இறக்கினார்கள். உங்கள் ஆலையில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்தால், கூலி பிடித்துவைத்தால் அங்கே அவர்கள் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் வாங்குபவர் சிறிய கம்பெனியாக இருந்தாலும் அவருக்கு மேலே இருக்கும் ஜூஸ் கம்பெனியோ சூப்பர் மார்க்கெட்டோ பெரியது. கேள்வி அங்கிருந்து இறங்கி வருகிறது. சட்டத்தைத் தளர்த்தும் பேச்சும் அங்கே ஓடுகிறது. அதை நம்பிக் கதவு மாட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

மருந்து விஷயமும் அப்படித்தான். தனி வரம்பு குறிப்பிடாத பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பக்கத்துத் தோப்பில் அடித்த மருந்து காற்றில் வந்தாலே ஆபத்து. 2014 மே மாதம் பழ ஈ வருகிறதென்று இந்திய மாம்பழத்தை நிறுத்தியவர்கள் அடுத்த வருடம்தான் திறந்துவிட்டார்கள். அது பழத்துக்குப் போட்ட தடை, கூழுக்கு இல்லை. ஆனால் கொள்முதல் செய்கிறவர் மனதில் இரண்டும் ஒரே ஊர்ச் சரக்குதான்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். வளைகுடா பார்ட்டி உங்களை நம்பி வாங்குகிறார். ஒருவேளை உங்கள் அப்பாவை நம்பி வாங்க ஆரம்பித்தவராக இருக்கலாம். நம்பிக்கை அங்கே ஆளிடம் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அந்த ஆள் மாறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியில் நம்பிக்கை கோப்பில் இருக்கிறது. கொள்முதல் அதிகாரி மாறிப்போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும், அடுத்தவர் அதைப் பார்த்துத்தான் பேசுவார். உள்ளே நுழையத்தான் செலவு.

அந்தச் செலவு என்னவென்று பாருங்கள். சீசனில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும்போது, எந்த லாரிப் பழம் எந்த லாட்டில் கூழாகி எந்த டிரம்முக்குப் போனது என்று எழுத ஒரு ஆள் வேண்டும். ராத்திரி ஷிப்டிலும் வேண்டும். எழுதுவதற்காக லைன் கொஞ்சம் மெதுவாகும். அதைச் சூப்பர்வைசர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் போடுவதா, இல்லை அந்தப் பணத்தில் வளைகுடாவுக்கு இன்னும் விலை இறக்குவதா? இதை முடிவு செய்தால் உங்கள் வியூகம் முடிவாகிவிட்டது. இரண்டு சந்தைக்கும் ஒரே ஆலையில் இரண்டு விதமாக வேலை செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவசரம் வரும்போது எல்லா லாட்டும் சுலபமான வழியில்தான் ஓடும்.

ஊத்தங்கரை பையன்: அண்ணா, டாடா எலக்ட்ரானிக்ஸில் வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, முதல் பத்தியைப் படியுங்கள். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பேங்க் ஊழியர், கிருஷ்ணகிரி: வெவ்வேறு நாட்டுக் கம்பெனிகள் இரண்டு இணைந்தால் பெரும்பாலும் புட்டுக்கொள்கிறதே, கல்ச்சர் ஒத்துப்போகாததுதான் காரணமா?

பதில்: எல்லாரும் காட்டும் உதாரணம் ஜெர்மனியின் டெய்ம்லர், அமெரிக்காவின் கிரைஸ்லர் என்ற கார் கம்பெனிகள். 1998-ல் சுமார் 36 பில்லியன் டாலருக்குச் ‘சமமானவர்களின் இணைப்பு’ என்று அறிவித்துச் சேர்ந்தார்கள். 2007-ல் கிரைஸ்லரின் 80.1 சதவீதப் பங்கை 7.4 பில்லியனுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டு வந்தார்கள். ஜெர்மன் பக்கம் எல்லாம் படிநிலை, கோப்பு. அமெரிக்கப் பக்கம் சட்டென்று முடிவு. வாங்கியவர்களைவிட வாங்கப்பட்டவர்களின் மேலாளர்களுக்குச் சம்பளம் பல மடங்கு. உரசல் வராமல் இருக்குமா? ஆனால் பழி முழுவதையும் கல்ச்சர் மேல் போடுவது வியூகம் போட்டவர்களுக்கு வசதியான கதை. இரண்டு கம்பெனியும் பாகங்களைப் பகிர்ந்துகொண்டால்தான் லாபம். டெய்ம்லரின் மெர்சிடிஸ் கார் பாகம் கிரைஸ்லரில் போனால் மெர்சிடிஸின் மரியாதை போய்விடும் என்று அதைச் செய்யவே பல வருடம் தயங்கினார்கள். சேர்ந்து செய்ய வேலையே இல்லாத இடத்தில் சேர்ந்து சாப்பிட்டு என்ன பயன்?

டெய்ம்லரும் கிரைஸ்லரும் சேர்ந்ததற்கு அடுத்த வருடமே, 1999-ல், பிரான்சின் ரெனோ ஜப்பானின் நிசானில் பங்கு வாங்கியது. நிசானை நிமிர்த்த ரெனோவின் கார்லோஸ் கோன் டோக்கியோ போனார். பிரான்சிலிருந்து ஒரு படையைக் கூட்டிப்போய் மேலே உட்கார வைக்கவில்லை. நிசானின் நடுநிலை மேலாளர்களையே பிரிவு பிரிவாகக் கலந்து குழுவாக்கி, எங்கே பணம் ஒழுகுகிறது என்று அவர்களையே சொல்லவைத்தார். வருடக்கணக்கில் அவர்களுக்கு அது தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை. ஐந்து ஆலைகளை மூடும் கசப்பான திட்டம் அதிலிருந்து வந்தது, கம்பெனியும் சீக்கிரமே லாபத்துக்குத் திரும்பியது. பிற்பாடு 2018-ல் கோன் கைதானார், 2019 கடைசியில் ஜப்பானை விட்டு லெபனானுக்குத் தப்பினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். அந்த வழக்கைப் பற்றி இங்கே கேட்காதீர்கள்.

தர்மபுரி எம்.பி.ஏ.: சார், நாடுகளின் கலாச்சாரத்தை எண்ணால் அளந்த ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீட் கணக்கில் அதிகார இடைவெளி (மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரம்) இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35, ஆஸ்திரியாவுக்கு 11. நம் ஆட்கள் மேலதிகாரி முன்னால் வாய் திறக்கமாட்டார்கள் என்பது இதில் தெரிகிறது. டொயோட்டா மாதிரி முறைகள் இங்கே வேர் பிடிக்காததற்கு இதுதானே காரணம்?

பதில்: எண்கள் சரி. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1967-லிருந்து 1973 வரை ஐ.பி.எம். என்ற ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம் நாடு நாடாகக் கேட்ட கேள்விகளிலிருந்து. அதுவும் நாட்டுச் சராசரி. முதல் மீட்டிங்குக்குப் போகும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள உதவும். பர்கூர் சிப்காட்டில் லைனில் நிற்கும் பெண்ணை அதில் தேடினால் கிடைக்கமாட்டார்.

வேர் பிடிக்காது என்பது தவறு. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஆலை இருந்தது. தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார், தரம் படுமோசம். 1982-ல் இழுத்து மூடினார்கள். 1984-ல் டொயோட்டா ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டாக அதையே திறந்தது. அதே ஊர், அதே தொழிற்சங்கம், தொழிலாளிகளும் பெரும்பாலும் பழைய ஆட்களே. அவர்களைக் கூட்டம் கூட்டமாக ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். தப்பு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம், லீடர் ஓடிவருவார், தீரவில்லை என்றால் லைன் நிற்கும் என்றார்கள். கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலையின் தரம் ஜப்பான் ஆலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நாட்டுச் சராசரி மாறவில்லை, ஆலையின் நடைமுறை மாறியது.

அவ்வளவு தூரம் ஏன், நம் ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார் 2001-ல் சுசூகியிடமிருந்து பிரிந்தது. அதே வருடம் தானே வடிவமைத்த விக்டரை விற்றது, 2002-ல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. 2013-ல் பி.எம்.டபிள்யூ. வந்து கைகோத்தது, 2020-ல் இங்கிலாந்தின் நார்ட்டனை இவர்கள் வாங்கினார்கள். வேலை செய்ததெல்லாம் நம் சுற்றுப்பட்டு ஆட்கள்தான்.

ஷிப்ட் பி: சார், கயிறு கதை கேட்க நன்றாக இருக்கிறது. நான் கான்டிராக்டில் லைனில் நின்றவன். எங்களுக்கும் கயிறு இருந்தது. ஒரு நாள் டூல் சத்தம் வேறு மாதிரி கேட்டது, இழுத்தேன். பாகம் அளவு தப்பித்தான் இருந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கான்டிராக்டர் போன் செய்து நாளையிலிருந்து வேறு யூனிட் என்றார். அதற்கப்புறம் யாரும் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. கல்ச்சர் எல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான்.

சிப்காட் ஹெச்.ஆர்.: ஒரு பக்கக் கதை மட்டும் கேட்கக் கூடாது. எல்லாரிடமும் கயிற்றைக் கொடுத்தால் டீ குடிக்கவும் இழுப்பார்கள். ஆர்டர் இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. கான்டிராக்ட் இல்லாமல் எந்த ஏற்றுமதி யூனிட்டும் தாங்காது.

பதில்: ஹெச்.ஆர். அவர்களே, டீக்கு இழுத்தால் யார் இழுத்தது, ஏன் இழுத்தது என்று அப்போதே தெரியும். அதற்குத்தான் லீடர் ஓடிவருவது. அந்தப் பயத்தில் கயிற்றைப் பொம்மையாக்கி வைப்பதற்குப் பதில் கழற்றிவிடலாம்.

ஷிப்ட் பி சொன்னதுதான் இன்றைக்கு இங்கே வந்ததிலேயே முக்கியமான விஷயம். நான் ஃப்ரீமான்ட் கதையில் ஒரு துண்டைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்த ஆலையின் ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பு கடைசி வழிதான், அதற்கு முன் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்பது முதல் மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 1980-களின் கடைசியில் விற்பனை படுத்தபோதும் ஆட்களை அனுப்பவில்லை, பயிற்சியிலும் பராமரிப்பு வேலையிலும் வைத்திருந்தார்கள். கயிற்றை இழுத்த கைக்குப் பின்னால் அந்த எழுத்து இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கயிற்றை மட்டும் தன் வேறு ஆலைகளுக்கு நகல் எடுத்தது, அங்கே பலிக்கவில்லை. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவன் கெட்ட செய்தி சொல்லமாட்டான். அதற்கு ஹாஃப்ஸ்டீடின் 77 தேவையில்லை.

சிப்காட் ஹெச்.ஆர்.: அமெரிக்காவையும் நம்மையும் ஒப்பிடாதீர்கள். வாடிக்கையாளர் விலையைப் பிழிகிறார், நாங்கள் எங்கே போவது?

பதில்: அதைத்தான் சொல்கிறேன், இது வியூகத்தின் விலை. பக்கத்துக் கோலார் மாவட்டத்தையே பாருங்கள். நரசாபுராவில் தைவான் கம்பெனி விஸ்ட்ரானின் ஐபோன் ஆலை இருந்தது. வேகமாக ஆள் எடுத்தார்கள், பெரும்பாலோர் பல கான்டிராக்டர்கள் மூலம் வந்தவர்கள். சம்பளம் சரியாக வரவில்லை என்ற புகார் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கான்டிராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி கான்டிராக்டரை. 2020 டிசம்பர் 12 அன்று ஆலை அடித்து நொறுக்கப்பட்டது. ஆப்பிள் தன் சப்ளையர் விதிகள் மீறப்பட்டதாகச் சொல்லிப் புது ஆர்டரை நிறுத்திவைத்தது, விஸ்ட்ரான் இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத் தலைவரையே நீக்கியது. 2023-ல் அந்த ஆலை டாடா கைக்குப் போனது. ஆப்பிளின் விதிப் புத்தகம் அங்கேயும் சுவரில் தொங்கியிருக்கும். சம்பளச் சீட்டில் தப்பு என்று சொல்ல ஒரு மேசை இல்லை, அவ்வளவுதான்.

ஷிப்ட் பி: சாம்சங்கும் அப்படித்தானே சார்?

பதில்: அது வேறு ஜாதி. 2024-ல் ஸ்ரீபெரும்புதூரில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் முட்டுக்கட்டை சங்கத்தை அங்கீகரிப்பது. சாம்சங் கொரியாவிலேயே பல பத்தாண்டுகள் சங்கம் வேண்டாம் என்று இருந்த கம்பெனி. 2020-ல்தான் அப்போது துணைத் தலைவராக இருந்த லீ ஜே-யோங் அந்தக் கொள்கையை விட்டுவிடுவதாக வெளிப்படையாகச் சொன்னார். தலைமையகத்தில் சொல்வது ஒரு நாள் வேலை. கடல் தாண்டி இருக்கும் ஆலையின் மேலாளர் வரை அது இறங்க வருடங்கள் ஆகும்.

சிப்காட் ஹெச்.ஆர்.: சங்கம் வந்த ஆலை என்ன ஆனதென்று…

பதில்: நிறுத்திக்கொள்ளலாம். சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே தீர்க்க முடியாது. இதற்கிடையில் மற்றவர்கள் கேட்ட கேள்விகள் குவிந்துகிடக்கின்றன.

அரூர்: டிரக்கர் சொன்ன காலை உணவு வாக்கியம்…

பதில்: மேலே இருக்கிறது.

மத்தூர்: தைவான் கம்பெனிகளில் வேலை கிடைக்க என்ன படிக்க வேண்டும்?

பதில்: இதுவும். முதல் பத்தியைப் படியுங்கள்.

பென்னாகரம்: ஏற்றுமதி தொடங்க ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்) எப்படி எடுப்பது?

பதில்: மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் தர்மபுரி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஏஜென்ட் வேண்டாம்.

பாலக்கோடு: நோக்கியா இங்கே மூடிப்போனது வரி வழக்கினாலா, மேலே கல்ச்சர் கெட்டதாலா?

பதில்: இங்கே வரி, அங்கே கல்ச்சர். மைக்ரோசாஃப்ட் 2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை எடுத்துக்கொண்டபோது வரித் தகராறினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. ஆர்டருக்கு வேலை செய்யும் ஆலையாகக் கொஞ்ச மாதம் ஓடி, அந்த நவம்பரில் நின்றது. ஆனால் போன் தொழிலையே விற்கும் நிலை ஏன் வந்தது? அங்கே இருந்த மேலாளர்களிடம் பின்னால் ஆய்வாளர்கள் பேசிப் பார்த்தார்கள். சிம்பியன் மென்பொருள் ஐபோனுக்கு ஈடு கொடுக்காது என்று நடுவில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே சொன்னால் தங்கள் தலை உருளும் என்று பயந்து, முடியும் முடியும் என்றே அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். மேலே இருந்தவர்கள் அதை வைத்துத் திட்டம் போட்டார்கள். நோக்கியாவின் தாய்நாடான ஃபின்லாந்துக்கு ஹாஃப்ஸ்டீடின் அதிகார இடைவெளி எண் 33 என்பதையும் எம்.பி.ஏ. தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

ராயக்கோட்டை சூப்பர் மார்க்கெட்: வெளிநாட்டுக் கடைகள் மாதிரி வாசலில் ஆள் நிறுத்திச் சிரித்து வரவேற்கலாமா?

பதில்: வால்மார்ட் 1997-ல் ஜெர்மனிக்குப் போய் அதைச் செய்து பார்த்தது. கடைக்காரர் காரணமில்லாமல் சிரிப்பது அங்கே பலருக்கு ஒட்டவில்லை. ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்ற விதியையும் கொண்டுபோனார்கள், நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விலையிலும் உள்ளூர்க் கடைகளை அடிக்க முடியாமல் 2006-ல் 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. ராயக்கோட்டையில் வருகிறவரின் பெயர் தெரிந்தால் போதும்.

பர்கூர் கார்மென்ட்ஸ்: வெளிநாட்டு பையர் வருகிறார். விஷன், மிஷன் பலகை எந்த வாசகத்தில் வைப்பது?

பதில்: வைக்காதீர்கள். கடந்த வருடம் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒரு ஆர்டரையும், ஏன் சொன்னீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் உங்களிடம் வியூகம் இல்லை, பலகை அதை மறைக்காது.

சூளகிரி ரோஜா: அண்ணா, பிப்ரவரி 14-க்குச் சிங்கப்பூர் பார்ட்டி கடைசி நேரத்தில் போனில் கூடுதல் பெட்டி கேட்டார். நம்பி அனுப்பினோம். இப்போது நான் கேட்கவே இல்லை என்று பணத்தைப் பிடித்துவைத்திருக்கிறார். இது அவர்கள் கல்ச்சரா?

பதில்: இல்லை தம்பி. எழுத்தில் வாங்கவில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூர்காரரோ ராயக்கோட்டைக்காரரோ, பூ விற்காமல் போனால் ஞாபகம் தானாகக் குறையும்.

இந்த முறைக்கு வழி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸிலும் ஏர்வே பில்லிலும் கூடுதல் பெட்டி சேர்ந்துதானே இருந்தது? அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அவர் அங்கே சுங்கத்தில் சரக்கை எடுத்திருப்பார். கேட்காத பெட்டியென்றால் எடுக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு தாளையும் இணைத்து, கோபம் இல்லாமல் ஒரு மெயில் போடுங்கள். முழுப் பணம் வராது, பேரம் பேசுவார். அடுத்த சீசனும் அவர் வேண்டுமா என்று யோசித்துவிட்டு இறங்கிக் கொடுங்கள்.

அடுத்த வருடம் போனை வைத்தவுடன் எத்தனை தண்டு, என்ன நீளம், என்ன விலை, எந்த விமானம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். அவரிடமிருந்து ‘ஓகே’ வரும்வரை பெட்டியைக் குளிர் அறையை விட்டு வெளியே எடுக்கவேண்டாம்.